ஆடி மாதத்து மாப்பிள்ளை

மார்ச் 17, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் கோடு போட்ட சட்டையை இஸ்திரி போட்டேன். காலர் நைந்துவிட்டது, புதிதாக ஒன்று தைக்க வேண்டும். வாரம் முழுக்கப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஞாயிறு மாலை மல்யுத்த நடுவர். அம்மாவுக்கு இரண்டாவது வேலை பிடிக்கவில்லை. முதல் வேலையும் பெரிதாகப் பிடித்ததில்லை.

பெரம்பூர் மண்டபத்தில் காலையில் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. நாங்கள் போனபோது சமையல்காரர்கள் அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் நடுவில் ரிங் கட்டி முடித்த பிறகும் மேடையில் பூ அலங்காரத்தை யாரும் பிரிக்கவில்லை. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளும் அப்படியே கிடந்தன. தாமோதரன் சார் கத்தினார். எங்கள் மல்யுத்தக் கம்பெனியை நடத்துபவர் அவர். சினிமாவில் சண்டைக் கலைஞராக இருந்தவர், அவர் கத்தினால் தெருமுனை வரை கேட்கும்.

இன்று ஒரு புதியவன். பெயர் கோதண்டம், எண்ணூர்க்காரன். பொருட்காட்சிகளில் நின்று காய் நறுக்கும் கருவி விற்பவன். எங்கள் மூத்த மல்யுத்த வீரர் இஸ்மாயில் பாயிடம் சில மாதங்களாகப் பயிற்சி எடுக்கிறான். இன்று அவனுக்குச் சுலபமான வேலை. ரிங்குக்கு வர வேண்டும், இஸ்மாயில் பாயிடம் கொஞ்ச நேரம் அடி வாங்க வேண்டும், தோற்க வேண்டும். எங்கள் ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்திருப்பார்கள். எங்கே வலிக்கும் என்று மட்டும் யாராலும் பேசிவைக்க முடியாது.

அவன் ரிங்குக்கு வரவில்லை. மேடை ஏறி, மாப்பிள்ளை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மைக்கை வாங்கிக்கொண்டான்.

"காலைலேர்ந்து குந்திக்கினு கீறேன். பொண்ணு எங்கப்பா?"

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "உனக்கெல்லாம் பொண்ணு கிடையாதுடா!" என்றார்.

கோதண்டத்துக்குக் கோபமே வரவில்லை. மரியாதையாக எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "அப்டி சொல்லாத மாமா. கேரட்டு, பீன்ஸு, கோஸு, எதக் குடுத்தாலும் ஒரு நிமிஷத்துல நறுக்கித் தருவேன். உம் பொண்ணு கத்தியே புடிக்கத் தேவயில்ல. இன்னொரு தபா யோசி."

அவ்வளவுதான். மண்டபம் முழுக்க ஒரே குரலில், "பொண்ணு தர மாட்டோம்! பொண்ணு தர மாட்டோம்!" இஸ்மாயில் பாய் ரிங்கில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. மணி அடிக்கச் சொல்ல வேண்டிய நானும் பார்க்கவில்லை.

முன்பே பேசிவைத்தபடி தோற்றான். விழுந்தவனின் கையை நடுவர் பிடிப்பது வழக்கம். அவன் ஒருமுறை அழுத்தினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இவன் அழுத்திவிட்டு விடவேயில்லை. வெளியே வந்ததும் ஒருமுறை போதும் என்று சொன்னேன்.

"மறந்துட்டேன் மேடம்" என்றான்.


ஏப்ரல் 4, வியாழன்

தேர்வு மேற்பார்வை. கேஸ் தீர்ந்துவிட்டது. அம்மா பக்கத்து வீட்டில் பால் காய்ச்சினாள்.


ஏப்ரல் 14, ஞாயிறு

தாமோதரன் சார் அவனை முழு மாப்பிள்ளையாகவே ஆக்கிவிட்டார். பட்டு வேட்டி, ரோஜா மாலை, நெற்றியில் சந்தனம். நாதஸ்வரம் ஒலிக்க வாசலில் வந்து நின்றுகொண்டு, பன்னீர் தெளிக்காமல் உள்ளே வர மாட்டேன் என்று அடம்பிடித்தான். முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகத்தில் ஊற்றினார். "இது பன்னீர் இல்ல, மெட்ரோ வாட்டரு. இந்த சம்மந்தமே வேணாம்" என்று திரும்பிப் போனான். கூட்டம் கெஞ்சிக் கூட்டிவந்தது. வெறுக்க வேண்டிய வில்லனையே கெஞ்சுகிறார்கள் என்று சாருக்குத் தலைகால் புரியவில்லை.

மைக்கைக் கீழே வைத்ததும் அவன் சாதாரண ஆளாகிவிடுகிறான். கால் தடுமாறுகிறது. விழும்போது தலை தரையில் படுகிறது.


மே 13, திங்கள்

பள்ளி விடுமுறை. காலையில் இஸ்மாயில் பாயின் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். சட்டைக்கு அளவு கொடுக்க வேண்டிய தையல்காரர் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்.

கோதண்டம் விழுந்து பழகிக்கொண்டிருந்தான். தாடையை நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டு, கையை அகலமாகத் தரையில் அடித்து விழுந்தால் தலை தப்பும் என்று சொன்னேன்.

"நீங்க ஆடுனவங்களா மேடம்?"

"ஜூடோ."

"எம்மாம் தூரம்?"

"மாநில அளவு."

"அப்போ என்னயத் தூக்கிப் போடுங்க."

மாட்டேன் என்றேன். இஸ்மாயில் பாய் சிரித்துக்கொண்டே, "போடும்மா, அவனுக்கு வாய் குறையட்டும்" என்றார். சட்டையைப் பிடித்து, இடுப்பைத் திருப்பிப் போட்டேன். ஒருவரைத் தூக்கிப் போட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. அவன் தரையில் படுத்தபடி கூரையைப் பார்த்து, "இன்னொரு தபா" என்றான்.

வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறான். தையல்காரரிடம் போக மறந்துவிட்டேன், ஆகவே நாளை எப்படியும் அந்தப் பக்கம் போக வேண்டும்.


ஜூலை 21, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணங்கள் இல்லை, மண்டபம் ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குத்தான். போன மாதம் வரை நாற்காலிகள் மிஞ்சும். இன்று ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊர்ல கீற அத்தினி மாப்பிளைக்கும் ஆடியில லீவு" என்றான் மைக்கில். "எனக்கு மட்டும் டூட்டி. ஏன்னா எனக்கு முகூர்த்தம் தேவயில்ல, பொண்ணு இருந்தா போதும்!"

"தர மாட்டோம்!"

இப்போது ஆட்டமும் வந்துவிட்டது. மேடையிலிருந்து ரிங்குக்குள் பாய்கிறான், வேட்டி விரிந்து பறக்கிறது, காற்றில் ஒரு கணம் நிற்பதுபோலத் தெரிகிறது. எதிராளியின் காலையும் கழுத்தையும் ஒன்றாக மடக்கிப் பிடிக்கும் ஒரு பிடியை அவனே கண்டுபிடித்திருக்கிறான். அதற்குத் தாம்பூலப் பை என்று பெயர். பிடித்துக்கொண்டே, "சாப்ட்டியா? பைய வாங்கிக்கினு கெளம்பு" என்பான். கூட்டம் "பை! பை!" என்று கத்தும். மடக்கும் இடத்தில் எதிராளியின் முதுகுக்குக் கீழே தன் முழங்காலைக் கொடுத்துத் தாங்குகிறான். அது யாருக்கும் தெரியாது. அருகில் குனிந்திருக்கும் எனக்குத் தெரியும்.

அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

பாய்ந்தபோது கயிற்றில் கால் சிக்கியது. பக்கவாட்டில் விழுந்தான், மண்டபமே "ஐயோ" என்றது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அழுத்தவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. எதிராளி சங்கர் என்ன செய்வது என்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்துக் கத்தி நேரம் கடத்தினான். நான் வெளியே கைகாட்டி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லப் போகும்போது அழுத்தினான். மெல்ல, குழந்தை பிடிப்பதுபோல.

ஆட்டத்தை முடித்தான். தோள் இறங்கியிருக்கிறது.

"அழுத்திட்டான்னா கைய விட்டுடணும்மா" என்றார் தாமோதரன் சார். "நீ எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு இருந்த தெரியுமா?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை.


ஆகஸ்ட் 14, புதன்

சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகை. மூன்றாவது வரிசைப் பிள்ளைகளுக்கு இடது கால் எது என்றே தெரியவில்லை.

பள்ளி விட்டதும் வாசலில் கோதண்டம் நின்றிருந்தான், கையைத் தூளியில் கட்டிக்கொண்டு. எலும்பு முறிவு இல்லை என்று சொல்வதற்காக எண்ணூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறான். போனில் சொல்லியிருக்கலாமே என்றேன். போனில் சார்ஜ் இல்லையாம். அவன் சட்டைப் பையில் அது பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

டீக்கடையில் நின்றோம். ஜூடோவை ஏன் விட்டீர்கள் என்று கேட்டான்.

"பாட்டியாலால நேஷனல் கேம்ப்புக்குக் கூப்ட்டாங்க. அப்பா இறந்து கொஞ்ச நாள். அம்மா இருன்னாங்க. இருந்துட்டேன்."

"கோவமா?"

"இல்ல."

"அப்போ?"

"டீ ஆறுது, குடி."

குடித்தான். மேற்கொண்டு கேட்கவில்லை. மைக் இல்லாதபோது அவனுக்குப் பேசாமலிருக்கவும் தெரிகிறது.


செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று நடந்ததைச் சார் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். வழக்கம்போல அவன் மைக்கில் பெண் கேட்டான். "தர மாட்டோம்" என்று கூட்டம் கத்துவதற்குள், நடு வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நான் கட்டிக்கிறேன்!" என்றாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் கட்சி மாறிவிட்டது. "பொண்ணு தர்றோம்! பொண்ணு தர்றோம்!"

கோதண்டம் மைக்கை வாயருகே கொண்டுபோனான், இறக்கினான். அவன் பேசத் திணறி நான் பார்த்ததேயில்லை. பிறகு திரும்பி ஒரு பக்கமாகப் பார்த்தான். எதைப் பார்த்தான் என்று தெரியாது. அந்தப் பக்கம் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் அவனோடு படம் எடுத்துக்கொண்டாள். நீலச் சுடிதார், ஒரு காதில் மட்டும் இரண்டு தோடு, கழுத்தில் மெல்லிய சங்கிலி, சிரித்தால் வலது கன்னத்தில் குழி. நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.


அக்டோபர் 16, புதன்

மழை விடுமுறை. தெருவில் முழங்கால் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளையெல்லாம் மேலே ஏற்றினேன்.

நீலச் சுடிதார்ப் பெண் எழுந்த அன்று யாரோ எடுத்த வீடியோவை ஊரே பார்க்கிறதாம். எங்கள் பள்ளி வாட்ச்மேன் என்னிடம் காட்டி, "மிஸ், பின்னாடி நிக்கிறது நீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "ஏன் மிஸ் மூஞ்ச அப்டி வச்சினு கீறீங்க?" என்றார்.


நவம்பர் 24, ஞாயிறு

ஆட்டத்துக்கு முன்பே சார் எல்லோரையும் கூப்பிட்டார். ஜப்பானில் ஒசாகாவில் ஒரு மல்யுத்தக் கம்பெனி அந்த வீடியோவைப் பார்த்துக் கோதண்டத்தை அழைத்திருக்கிறது. தங்குமிடம், பயிற்சி, வாரத்துக்குச் சில ஆட்டங்கள். மைக்கில் பேசுவது புரியாவிட்டாலும் பரவாயில்லை, முகமே பேசுகிறது என்று எழுதியிருக்கிறார்களாம். இஸ்மாயில் பாய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே என்னிடம் வந்தான். பாதி மாப்பிள்ளை. சந்தனம் இருந்தது, மாலை இல்லை.

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? போ."

"போய்ட்டா எப்ப வருவேனோ."

"அங்க நல்லா சொல்லித் தருவாங்க. உன் எடது பக்கம் இன்னும் சரியா விழல."

"எடது பக்கந்தான் இப்ப பிரச்சன" என்று சொல்லிவிட்டுப் போனான். தோளைச் சொல்கிறான். ஆகஸ்டில் இறங்கியது இடது தோள்.


டிசம்பர் 8, ஞாயிறு

ஆட்டம் இல்லை. துணி காயவில்லை.


டிசம்பர் 25, புதன்

ஆராதனைக்குப் போய்வந்து பிரியாணி செய்தேன். கோதண்டம் கேக் வாங்கிக்கொண்டு வந்தான். அம்மாவிடம் மைக் இல்லாமலேயே காய் நறுக்கும் கருவியை விற்கும் வித்தையைச் செய்துகாட்டினான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அவன் போனதும், "அந்தப் பையன் சாப்புடவே இல்ல. உன்னயே பாத்துட்டிருந்தான்" என்றாள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஜனவரியில் ஆபரேஷனுக்கு நாள் வாங்க வேண்டும்.


ஜனவரி 5, ஞாயிறு

வேறு இடத்துக்குப் போகிறவன் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முறை. இருக்கிறவர்களுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போவது. கோதண்டமே இஸ்மாயில் பாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் ஆட்டம் போலவே கடைசி ஆட்டமும் அவரிடம்.

மார்கழி என்பதால் மண்டபம் நாள் முழுக்க எங்களுடையது. மதியத்திலேயே கூட்டம் வந்துவிட்டது. பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு என்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அவன் வாசலில் அடம்பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

நன்றாக ஆடினான். அவன் ஆடியதிலேயே நல்ல ஆட்டம். இடது பக்கமும் சரியாக விழுந்தான். கடைசியில் பேசிவைத்தபடி இஸ்மாயில் பாய் அவனைத் தூக்கிப் போட்டு மேலே படுத்தார். தோள் இரண்டும் தரையில் இருக்கும்போது மூன்று வரை எண்ணிவிட்டால் தோல்வி. நான் தரையில் அடித்து எண்ணினேன். ஒன்று. இரண்டு. கோதண்டம் தோளைத் தூக்கிவிட்டான்.

கூட்டம் கூரையைப் பிய்த்தது. இது பேசிவைத்ததில் இல்லை. இஸ்மாயில் பாய் குழம்பிப்போய் அவனை மறுபடி தூக்கிப் போட்டார். ஒன்று. இரண்டு. மறுபடி தோள் எழுந்தது.

"டேய், இன்னாடா பண்ற?" என்றார் பாய், உதடு அசையாமல்.

மூன்றாம் முறை அவர் மேலே விழுந்தபோது நான் எண்ணுவதற்காக மெத்தையோடு மெத்தையாகக் குனிந்திருந்தேன். கோதண்டத்தின் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. வியர்வையில் சந்தனம் கரைந்து கண்ணில் வழிந்தது.

"யூனிஸ்" என்றான். அவன் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "இருன்னு ஒரு வார்த்த சொல்லு. இருந்துர்றேன்."

சுற்றிலும் அவ்வளவு சத்தம். அவன்மேலே கிடந்த இஸ்மாயில் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

ரிங்கில் நடுவர் பேசலாம். எவ்வளவு நேரம் மிச்சம் என்று சொல்லலாம், முடிவு என்ன என்று நினைவூட்டலாம்.

"தோள கீழ வை" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வைத்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவது அடியில் உள்ளங்கை எரிந்தது. பலகைக்கு மேல் மெத்தை மெலிந்துவிட்டது, சாரிடம் சொல்ல வேண்டும்.

அவன் எழுந்து மைக்கை வாங்கினான். கூட்டம் அடங்கியது. ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறான் என்று காத்திருந்தார்கள். "கேட்டேன்" என்றான். "தரல. வரேன்" என்று மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினான். வழக்கமான வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள்.


ஜனவரி 6, திங்கள்

ஏழாம் வகுப்புக்குக் கோ-கோ. விசில் எடுத்துப்போக மறந்துவிட்டேன்.


ஜனவரி 9, வியாழன்

இன்று பகலில் விமானம். இஸ்மாயில் பாய் வழியனுப்பப் போனார், என்னையும் கூப்பிட்டார். அம்மாவின் கண் பரிசோதனை இருப்பதால் முடியாது என்றேன், பள்ளிக்கும் அதையே சொல்லி லீவு போட்டேன். பரிசோதனை நாளைக்குத்தான், நான் தேதியைக் குழப்பிக்கொண்டேன்.

துணி உலர்த்த மாடிக்குப் போனேன். சில விமானங்கள் போயின. எது என்று தெரியவில்லை. துணி காய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன், நல்ல வெயில்.


பிப்ரவரி 12, புதன்

ஆசிரியர் அறையில் போனில் பார்த்தேன். ஒசாகாவில் அவனுடைய முதல் ஆட்டம். பட்டு வேட்டி, மாலை. அங்கே சிவப்பு நாற்காலி கிடைக்கவில்லைபோல, மடக்கு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்து தமிழிலேயே பேசினான். "காலைலேர்ந்து குந்திக்கினு கீறேன்." ஒருவருக்கும் புரியவில்லை. மண்டபம் கல்லாக இருந்தது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மாலையில் ஒரு ரோஜாவைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான். முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அவரைத் தொடர்ந்து வரிசை வரிசையாகச் சிரிப்பு ஓடியது.

பாய்ந்தபோது காற்றில் இங்கே நின்றதைவிட அதிக நேரம் நின்றான். நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கணக்கு டீச்சர், "இது யாரு யூனிஸ்?" என்றார். தெரிந்த பையன் என்றேன். நெட் தீரும்வரை பார்த்தேன்.


மார்ச் 2, ஞாயிறு

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது. இப்போது எல்லாம் தெரிகிறது. முதலில் பார்த்தது என் நரைமுடியை.

மதியம் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நீளமான எண்.

"மேடம்."

"ம்."

"அன்னைக்கு ஏன் எண்ணுன?"

"என் வேலை அது."

"வேலயா?"

பதில் சொல்லாவிட்டால் வைத்துவிடுவான் என்று தோன்றியது. "இருன்னு சொன்னா நீ இருந்திருப்ப" என்றேன். "இருந்தவங்க கத எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் ரயில் போகும் ஓசை மட்டும் கேட்டது.

"நாந்தான் வந்துட்டேனே" என்றான் பிறகு. "இப்ப இன்னா? ஒருத்தர் போன ஊருக்கு இன்னொருத்தர் வரக் கூடாதுன்னு ரூல் எதுனா கீதா?"

"அப்படி ரூல் இல்ல."

"இங்க தெருவுக்குத் தெரு ஜூடோ பள்ளிக்கூடம் கீது. ஒண்ணுல போய் நின்னு வேடிக்க பாத்தேன். உன்னவிட வயசான பொம்பளைங்கல்லாம் ஆம்பளைங்களத் தூக்கித் தூக்கிப் போட்றாங்க. பாத்துக்கினே இருந்தேன். கிளாஸ் முடிஞ்சி வெளிய போன்னுட்டாங்க."

சொட்டு மருந்துப் புட்டியை மூடி வைத்தேன்.

"ஸ்கூலு மே மாசம் லீவுதானே?"

"ஆமா."

"பாஸ்போர்ட் கீதா?"

"இல்ல."

"செரி" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன். சோறு ஒட்டிக்கொள்கிறது, ரசம் இல்லை என்றான். பிறகு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம்.

போனை வைத்ததும், "யாரு?" என்றாள் அம்மா.

"ஸ்கூல்லேர்ந்து."

"ஞாயித்துக்கெழமையா?"

அடுத்த கண்ணுக்கும் மருந்து போட்டேன். அம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியபடியே, "ஜப்பான்ல மே மாசம் குளிருமா?" என்று கேட்டாள்.


மார்ச் 8, சனி

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டேன். வெள்ளைத் திரை. ஸ்டுடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், காதுமேல் விழுந்த முடியை ஒதுக்கச் சொன்னார். சிரிக்கக் கூடாதாம், அப்படி எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.